ஓட்டம் முடியும் இடம்

நுழையும்முன்

விளையாட்டு விழாக்களில் வென்றவர் எத்தனை நொடியில் ஓடினார் என்று கேட்கிறோம். அன்று காலை அவர் என்ன உண்டார் என்று கேட்பதில்லை. ஓடிய உடலுக்கு உணவு எப்போது தேவை, எத்தகைய உணவு தேவை, அதனைத் தரும் பொறுப்பு யாருடையது என்னும் வினாக்களை இக்கட்டுரை முன்வைக்கிறது.

காலை ஆறு மணிக்குப் பள்ளித் திடல்களில் ஓடும் மாணவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களுள் சிலர் அவர்களுள் ஒருவராகவே இருக்கக்கூடும். மாவட்டத் தடகளப் போட்டிக்காகச் சிலர் ஓடுகின்றனர். காவலர் பணிக்கும் படைப்பணிக்கும் இப்போதிருந்தே உடலைப் பழக்குவோர் சிலர். எடையைக் குறைக்க ஓடுவோரும், நண்பன் ஓடுகிறான் என்பதற்காகவே ஓடுவோரும் உண்டு. ஏழேகால் மணிக்கு ஓட்டம் நிற்கும். பிறகு குழாயடியில் முகம் கழுவி, மிதிவண்டியில் வீட்டுக்கு விரைந்து, குளித்துச் சீருடை அணிந்து, பேருந்தைப் பிடித்து ஒன்பது மணிக்குள் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். இத்தனை விரைவில் விடுபட்டுப் போவது பெரும்பாலும் ஒன்றே. அது காலை உணவு.

அதனை அவர்கள் ஓர் இழப்பாகக் கருதுவதும் இல்லை. ஏன் உண்ணவில்லை என்று கேட்டால், “பசிக்கவில்லை ஐயா” என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. உண்மையிலேயே அப்போது பசிப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கால்கள் நிற்கும் இடத்தில் ஓட்டம் முடிவதில்லை. ஓடியபின் உண்ணும் முதல் உணவோடுதான் முடிகிறது என்பது என் கருத்து. அவ்வுணவைப் பசியின் அழைப்புக்கு விட்டுவிடலாகாது. அந்தந்த மாணவரின் வீட்டு வசதிக்கும் விட்டுவிடலாகாது. திடலும் காலணியும் எவ்வாறு பயிற்சியின் பகுதிகளோ அவ்வாறே அவ்வுணவும் பயிற்சியின் பகுதியாக எண்ணப்பட வேண்டும்.

தாமதமாக வரும் பசி

கடுமையாக ஓடிய ஒருவருக்கு ஏன் பசிப்பதில்லை? ஓடும்போது குருதியின் பெரும்பங்கு கால் தசைகளுக்குச் செல்கிறது. வெப்பத்தைத் தணிக்கத் தோலுக்கும் ஒரு பங்கு செல்கிறது. இரைப்பைக்கும் குடலுக்கும் உரிய பங்கு குறைகிறது. இதனுடன் மற்றொன்றும் நிகழ்கிறது. இரைப்பையில் பெரிதும் சுரக்கும் கிரெலின் என்னும் இயக்குநீர் பசியைத் தூண்டுவது. ஜப்பானிய அறிவியலாளர்கள் 1999ஆம் ஆண்டு இதனைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தனர். கடுமையான ஓட்டத்தின்போது, செயல்படும் நிலையிலுள்ள கிரெலினின் அளவு தாழ்கிறது. ஓடி முடித்த பின்னும் சிறிது நேரம் அது தாழ்ந்தே இருக்கும். மெல்ல நடந்து வந்தவருக்கு இவ்விளைவு அவ்வளவாக இல்லை. ஆகவே, மிகுதியாக உழைத்தவருக்கே அந்த நேரத்தில் பசி குறைவாக இருக்கும். உடலின் இந்த வேடிக்கையை அறியாதவர்கள், பசிக்கவில்லை என்றால் தேவையில்லை என்று பொருள் கொள்கின்றனர்.

தேவையோ உள்ளே காத்திருக்கிறது. நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமித்து வைக்கிறது. நன்கு உண்ட, வளர்ந்த ஒருவரின் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும், தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் இருக்கும். இரவு முழுவதும் நாம் உறங்கினாலும் மூளை உறங்காமல் சர்க்கரையைச் செலவிடுகிறது. அதனை வழங்குவது கல்லீரலின் சேமிப்பு. விடியும்போது அந்தச் சேமிப்பு பெரிதும் குறைந்திருக்கும். அந்நிலையில் ஒருவர் எழுந்து ஆறு கிலோமீட்டர் ஓடுகிறார். தசைகளின் சேமிப்பும் கரைகிறது. அதன்பின் ஒரு குவளைத் தேநீருடன் பள்ளிக்கு வருகிறார்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நிற்கும்போது தலை சுற்றிச் சரியும் மாணவர்களைப் பார்க்காத ஆசிரியர் இல்லை. தண்ணீர் தெளித்து, நிழலில் அமர்த்தி, “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்போம். விடை நமக்கு முன்னரே தெரியும். சரிந்து விழாதவர்களின் நிலை வேறு. அவர்கள் மூன்றாம் பாடவேளை வரை தாக்குப்பிடிக்கின்றனர். பத்தரை மணியளவில் அடங்கியிருந்த பசி எழுகிறது. கரும்பலகையில் கணக்கு ஒன்றைத் தொடங்கி முடிப்பதற்குள் அவர்கள் கண்கள் செருகுகின்றன. “ஓட்டப் பயிற்சியால் படிப்புக் கெடுகிறது” என்று வீட்டிலும் பள்ளியிலும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். ஓட்டத்தின்மீது சுமத்தப்படும் பழிகளுள் ஒரு பங்கு உண்மையில் உண்ணாத காலை உணவுக்கு உரியது.

இடைவேளையில் அந்த மாணவர் பள்ளி வாயிலில் உள்ள கடைக்கு ஓடுகிறார். அங்கே எண்ணெயில் பொரித்தவையும் பொட்டலங்களில் அடைத்தவையுமே இருக்கின்றன. மாலையில் வீடு திரும்பியதும் சோற்றுப் பானையின் முன் அமர்ந்தால் எவ்வளவு உண்டாலும் நிறைவு வருவதில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்றொருத்தி வருகிறாள். சாபத்தால் யானைத்தீ என்னும் தணியாப் பசிநோய் பற்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் துன்புற்று, மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட உணவால் அப்பசி தீர்ந்தவள் அவள். நம் ஓட்டக்காரரின் மாலைப் பசி சாபத்தால் வந்ததன்று. காலையில் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காததால் வந்தது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் உணவைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறது. முன் உண்டது செரித்த பின்னரே, நன்கு பசித்த பின்னரே உண்ண வேண்டும் என்பது அங்குக் கிடைக்கும் அறிவுரை. இதற்கும் நான் கூறுவதற்கும் முரண்பாடு இருப்பதுபோல் தோன்றலாம். வள்ளுவர் தடுக்க விரும்புவது அளவறியாமல் உண்பதை. இங்கு நாம் பேசுவதோ இரவு உணவுக்குப் பின் பத்து மணிநேரம் எதுவும் உண்ணாமல், அதற்கும் மேல் ஓடியும் வந்த உடலைப் பற்றி. அவ்வுடலில் செரிக்க வேண்டியது எதுவும் மிஞ்சியில்லை. பசி அறிவிப்பதற்குச் சற்றுத் தாமதமாகிறது, அவ்வளவே.

இங்கே ஓர் அச்சத்தையும் நீக்கிவிடுகிறேன். ஓடி முடித்து அரை மணி நேரத்திற்குள் உண்ணாவிட்டால் பயிற்சியெல்லாம் வீணாகிவிடும் என்று சிலர் கூறுவர். ஓட்டம் முடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் தசைகள் மாவுச்சத்தை விரைந்து சேமிக்கின்றன என்பது உண்மையே. காலையும் மாலையும் பயிற்சி செய்வோருக்கு அந்த விரைவு மிகத் தேவை. மறுநாள் காலைதான் மீண்டும் ஓடப்போகிறவர், அன்று முழுவதும் போதிய அளவு உண்டாலே சேமிப்பு நிரம்பிவிடும். ஆனால், பள்ளி மாணவருக்கு அந்த இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் அடுத்த நல்ல உணவு நண்பகலுக்குப் பிறகே கிடைக்கிறது. கடிகாரத்தைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. பள்ளிக் கால அட்டவணையைக் கண்டு சற்று அஞ்சலாம்.

என்ன உண்பது?

ஓட்டத்திற்குச் செலவாகும் ஆற்றலைத் தோராயமாகக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். 50 கிலோகிராம் எடையுள்ள மாணவர் ஆறு கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 300 கிலோகலோரி. இந்த எண் இருவகைத் தவறுகளையும் திருத்தும். ‘இவ்வளவு ஓடினோமே’ என்று கண்டதையெல்லாம் உண்ண இது இடம் தராது. ‘கொஞ்சந்தானே ஓடினோம்’ என்று ஒரு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்ளவும் இடம் தராது. அத்துடன், பதினாறு வயது உடல் ஓடுவதற்கு மட்டும் ஆற்றலைச் செலவிடுவதில்லை. எலும்பை உறுதியாக்குகிறது, தசையைக் கட்டுகிறது. ஓட்டத்திற்கான செலவு அதற்கு மேல் வருவது.

நான்கு இட்லி, சாம்பார், ஒரு வேகவைத்த முட்டை, ஒரு குவளைப் பால் ஆகியவை இருந்தால் ஓடிய உடலுக்கு வேண்டியது அனைத்தும் வந்துவிடுகிறது. இட்லி மாவுச்சத்தைத் தருகிறது. முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் இருக்கிறது. பாலிலும் ஏறத்தாழ அவ்வளவு. சாம்பாரின் பருப்பு அதனுடன் சேர்கிறது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. அரிசியையும் உளுந்தையும் சேர்த்து அரைத்தவர்களும், பொங்கலில் பாசிப்பருப்பைச் சேர்த்தவர்களும் அமினோ அமிலம் என்ற சொல்லை அறிந்திருக்கவில்லை. ஆயினும் அவர்கள் செய்தது சரியான சேர்க்கை.

எல்லா வீடுகளிலும் காலை ஏழரை மணிக்கு இட்லி வெந்திருக்கும் என்று கருதிக்கொண்டு எழுதுவது எளிது. அம்மா விடியலிலேயே வேலைக்குப் புறப்பட்டுவிடும் வீடுகள் எத்தனையோ உள்ளன. அங்கே இருப்பது முந்தின இரவின் சோறும் நீரும். அதனைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. பழைய சோற்றுடன் உப்பிட்ட மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையையும் உண்டால், மாவுச்சத்தும் நீரும் உப்பும் புரதமும் ஒரே தட்டில் வந்துவிடுகின்றன. சோற்றோடு ஊறுகாய் மட்டும் இருந்தால் வயிறு நிறையும். தசைக்கு வேண்டியது கிடைக்காது. அந்த ஒரு கைப்பிடிக் கடலையே இங்கு வேறுபாட்டை உண்டாக்குகிறது. வீட்டுக்குச் செல்லவே நேரமில்லாதவர் இரண்டு வாழைப்பழங்களையும் கடலை உருண்டையையும் பையில் வைத்துக்கொள்ளலாம். விடியலில் வெறும் வயிற்றோடு ஓடினால் தலை சுற்றுபவர், ஓடுவதற்கு முன்பே பாதி வாழைப்பழமோ இரண்டு பேரீச்சம்பழமோ உண்டுவிட்டு ஓடலாம்.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோகிராமும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் வியர்வையாக வெளியேறியதைக் காட்டும். நம் ஊர்க் கோடையில் இது எளிதில் நிகழக்கூடியதே. அதனை ஒரே மூச்சில் குடித்து நிரப்பாமல் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். உப்பிட்ட நீர்மோரும் எலுமிச்சைச் சாறும் இதற்குப் போதும். விளம்பரங்களில் ஓட்டக்காரர் கையில் திகழும் வண்ணப் பானங்கள், ஒரு மணி நேரத்திற்குக் குறைவாக ஓடுபவருக்குத் தேவையே இல்லை. பொதுவாகக் கிடைக்கும் குளிர்பானம் 300 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதாவது ஆறு தேக்கரண்டி. அது தாகத்தையும் பசியையும் ஒருசேர ஏமாற்றிவிட்டுப் போய்விடும். பெரிய டப்பாக்களில் விற்கும் புரதப்பொடியைப் பற்றி மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. அந்த ஒரு டப்பாவின் விலைக்கு எத்தனை முட்டைகள் வாங்கலாம் என்று வகுத்துப் பார்க்கும்படி சொல்வேன்.

கேழ்வரகின் உறவினர்

உலகின் மிகச்சிறந்த நெடுந்தொலைவு ஓட்டக்காரர் பலர் கென்ய நாட்டின் மேற்கு மலைப்பகுதியிலிருந்து வந்தவர்கள். அங்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இட்டென் என்ற சிற்றூர் இருக்கிறது. விடியலில் அதன் செம்மண் சாலைகளில் கூட்டங் கூட்டமாக ஓடுவார்கள். ஓடித் திரும்பியதும் பாலும் சர்க்கரையும் மிகுதியாகக் கலந்த தேநீரையும் ரொட்டியையும் உண்பார்கள். பின்னர் வரும் முதன்மை உணவு உகாலி. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிளறி இறுக்கிய களி அது. உடன் வதக்கிய கீரை, சிறிது பால் அல்லது இறைச்சி. அவர்களுடைய உணவை நாள்தோறும் நிறுத்து அளந்து பார்த்த ஆய்வாளர்கள், அவர்கள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு மாவுச்சத்திலிருந்தே வருவதாகக் கண்டனர். 2019ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று வியன்னா நகரில் மராத்தான் தொலைவை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடிக் காட்டிய எலியூட் கிப்சோகேயும் உகாலி உண்டு வளர்ந்தவரே. சிறப்பு ஏற்பாடுகளுடன் நடந்த ஓட்டமாதலால் அது உலகச் சாதனையாகப் பதிவாகவில்லை. ஆயினும் ஒரு மனிதர் இரண்டு மணி நேரத்திற்குள் அத்தொலைவைக் கடந்தது அதுவே முதல்முறை.

களியை நாம் வறியவர் உணவு என்று ஒதுக்கத் தொடங்கிச் சில பத்தாண்டுகள் ஆகின்றன. நம் களிக்கு மூலமான கேழ்வரகு, கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்களில் முதலில் பயிராகிச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டிற்கு வந்து சேர்ந்த தானியம். தருமபுரியிலும் கிருட்டினகிரியிலும் விளையும் கேழ்வரகும் கென்ய மலைச்சரிவில் விளையும் கேழ்வரகும் ஒரே பயிர். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே எடையுள்ள பாலில் இருப்பதைப்போல் இரு மடங்குக்கும் மேல். அதில் உள்ள அனைத்தையும் உடல் ஏற்றுக்கொள்ளாது என்றாலும், எலும்பு உறுதிப்படும் வயதில் ஓடும் ஒருவருக்குக் கேழ்வரகுக் கூழ் நல்ல தொடக்கம். கூழ் குடித்துவிட்டு வந்ததாகச் சொல்ல வகுப்பில் தயங்கும் மாணவர்களைக் கண்டிருக்கிறேன். தயங்க வேண்டியது அவர்களா, அவர்களைத் தயங்க வைத்த நாமா?

மாணவியரின் தட்டு

2019–21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதே வயது ஆண்களுள் நூற்றுக்கு 31 பேருக்கு இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவியரின் வயது இந்த எல்லைக்குள்தான் வருகிறது. ஆக்சிஜனைத் தசைகளுக்குச் சுமந்து செல்வது குருதியிலுள்ள ஹீமோகுளோபின். அது குறைந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் மூச்சு வாங்கும். பல நேரங்களில் ஒரு மாணவியின் இரத்தசோகையைச் சோம்பல் என்று பெயரிட்டுக் கடந்துவிடுகிறோம். மாதவிடாயால் இரும்புச்சத்தை இழக்கும் உடல், ஓட்டத்தாலும் சிறிது இழக்கிறது. வியர்வையில் சிறிது செல்கிறது, பாதம் தரையில் மோதும்போது சிவப்பணுக்கள் சில சிதைகின்றன.

முருங்கைக்கீரை, பேரீச்சை, கொண்டைக்கடலை, முட்டை, மீன், ஈரல் ஆகியவற்றில் இரும்புச்சத்து உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. உடன் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் ஏற்பது கூடும். உணவோடு தேநீர் அருந்தினால் ஏற்பது குறையும். ஆகவே தேநீரை உணவிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைப்பது நன்று. பள்ளியில் வாரம் ஒருமுறை தரப்படும் இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரை சன்னலுக்கு வெளியே பறப்பதை எல்லா ஆசிரியர்களும் அறிவர். அதனை உணவுக்குப் பின் விழுங்கினால் வயிற்றைப் பெரிதும் தொல்லைப்படுத்தாது.

இதனினும் கவலை தருவது வேறொன்று. இளைப்பதற்காகவே ஓடி, ஓடியபின் வேண்டுமென்றே உண்ணாமல் இருக்கும் மாணவியர் பெருகிவருகின்றனர்; மாணவரிலும் சிலர் உளர். செலவிடும் ஆற்றலுக்கு ஈடாக உணவு கிடைக்காத உடல், உயிர் காக்க உடனடியாகத் தேவைப்படாத பணிகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. மாதவிடாய் தள்ளிப்போகிறது, பின் நின்றுவிடுகிறது. எலும்பு வலுவிழந்து, சிறு மோதலுமின்றி ஓட்டத்தினாலேயே விரிசல் விடுகிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014ஆம் ஆண்டு இந்நிலைக்கென ஒரு பெயரிட்டு, இருபாலாருக்கும் இது நேரும் என்று எச்சரித்தது. மாதவிடாய் நின்றுபோவதைக் கடும் பயிற்சியின் அடையாளம் என்று பெருமையாகப் பேசும் பேச்சு விளையாட்டுத் திடல்களில் உண்டு. அது பெருமையன்று. அத்தகைய மாணவி மருத்துவரைக் காண வேண்டும். வீட்டில் சொல்லத் தயங்கினால் ஆசிரியையிடம் சொல்ல வேண்டும்.

நூறில் ஒரு நொடி

1984ஆம் ஆண்டு இலாஸ் ஏஞ்சலிசு ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் இறுதிச் சுற்று. கேரளத்தின் பய்யோலியிலிருந்து சென்ற பி.டி. உஷா 55.42 நொடியில் ஓடி முடித்தார். வெண்கலம் பெற்றவரின் நேரம் 55.41 நொடி. நூறில் ஒரு நொடியால் பதக்கம் நழுவியது.

பல ஆண்டுகளுக்குப் பின் அவர் அளித்த நேர்காணல் ஒன்றில் அந்நாள்களின் உணவை நினைவுகூர்ந்தார். ஒலிம்பிக் சிற்றூரில் கிடைத்த அமெரிக்க உணவு அவருக்குப் பழக்கமில்லாதது. அதனால் அரிசிக் கஞ்சியையும் ஊரிலிருந்து கொண்டுசென்ற மாங்காய் ஊறுகாயையுமே நம்ப வேண்டியிருந்தது. ஊட்டமில்லாத அந்த உணவால் கடைசி 35 மீட்டரில் வலிமையைத் தக்கவைக்க இயலாமற் போனது என்று அவர் கூறினார்.

அந்த நூறில் ஒரு நொடிக்குக் கஞ்சி ஒன்றே காரணம் என்று யாரும் நிறுவ முடியாது. ஓட்டத்தில் காற்றும் காலடியும் தொடக்கமும் எனக் காரணங்கள் பல. என் மனத்தை உறுத்துவது வேறு. ஒரு நாடு தன் மகளைக் கடல் கடந்து ஓடுவதற்கு அனுப்புகிறது. ஓடுகளத்தையும் பயிற்சியாளரையும் பயணச்சீட்டையும் எண்ணிப் பார்த்த அந்த ஏற்பாட்டில், அவர் என்ன உண்பார் என்பதை எண்ணிப் பார்க்க ஒருவரும் இல்லை. நாற்பது ஆண்டுகள் கடந்தபின் நம் பள்ளித் திடலிலும் அதே வரிசைதான் காணப்படுகிறது. ஓடுகளத்திற்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறோம். வென்றவருக்குக் கோப்பை வாங்கி வைத்திருக்கிறோம்.

பள்ளி செய்யக்கூடியது

பள்ளிப் பிள்ளைகளின் பசியைப் பொதுப் பொறுப்பாக ஏற்றதில் தமிழகத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. 1920ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கத் தொடங்கியது. காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. பின்னாளில் முட்டையும் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் சேர்ந்தன. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவும் வந்தது. இவற்றின் பயனை நேரில் கண்ட தலைமுறை எங்களுடையது.

சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. பதினொன்றாம் வகுப்பில் சேரும் மாணவர், சென்ற ஆண்டு வரை தமக்குக் கிடைத்த முட்டையை இவ்வாண்டு பெறுவதில்லை. பசியோ அந்த வயதில்தான் உச்சத்தை நெருங்குகிறது. ஓட்டத்தின் தொலைவும் அந்த வயதில்தான் கூடுகிறது. மேல்நிலை மாணவர் அனைவருக்கும் உணவு வழங்குவது பெரும் நிதியைக் கோரும் செயல் என்பதை அறிவேன். அது நடக்க வேண்டும் என்பதே என் விருப்பம். அதுவரை, காலையில் பள்ளியின் பெயரால் ஓடுபவர்களுக்கேனும் பள்ளி உணவளிக்கலாம்.

‘அவர்களுக்குத்தான் விளையாட்டு விடுதிகள் உள்ளனவே’ என்று சிலர் கூறலாம். அரசின் விளையாட்டு விடுதிகளில் நல்ல உணவு கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால், அங்கே சேர முதலில் தேர்வில் வெல்ல வேண்டும். வெல்வதற்கு முன் ஓடிப் பழக வேண்டும். உணவு கிடைக்கும் இடத்தை அடைவதற்கே உணவின்றி ஓட வேண்டியிருக்கிறது. மேலும், விடுதிக்கு ஒருநாளும் செல்லப்போவதில்லை என்றாலும், உடல்நலத்திற்காகவும் மகிழ்ச்சிக்காகவும் ஓடுபவரே திடலில் மிகுதி. அவர்களுக்கும் வயிறு ஒன்றுதான்.

‘உணவு தந்தால் உணவுக்காகவே ஓட வருவார்கள்’ என்று ஒருமுறை ஒருவர் என்னிடம் சொன்னார். வரட்டுமே என்றேன். சோற்றுக்காகப் பள்ளிக்கு வந்த தலைமுறை எழுத்தறிந்து மேலே சென்றது இம்மாநிலத்தில் நடந்த ஒன்று.

இதற்காகும் செலவும் மலைக்கத்தக்கதன்று. ஒரு மேல்நிலைப் பள்ளியில் நாள்தோறும் ஓடுபவர் முப்பது அல்லது நாற்பது பேர். ஒருவருக்கு 30 கிராம் கொண்டைக்கடலை எனக் கொண்டால் நாற்பது பேருக்கு 1,200 கிராம். உடன் ஆளுக்கு ஒரு முட்டையும் ஒரு வாழைப்பழமும், ஒரு பெரிய பானை நிறைய நீர்மோரும். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்காகச் சத்துணவுக் கூடம் பல பள்ளி வளாகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கழகமும் முன்னாள் மாணவரும் ஆண்டுவிழாப் பந்தலுக்குத் தரும் தொகையில் ஒரு பகுதியை இதற்குத் தரலாம்.

திடலின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் ஏழேகால் மணிக்கு அந்த உணவு வந்திருக்க வேண்டும். ஓடியவர் அனைவரும், பசிப்பவரும் பசிக்காதவரும், வரிசையில் நின்று வாங்கி உண்டுவிட்டே வீட்டுக்குப் புறப்பட வேண்டும். அதற்குக் கடலையை முதல்நாள் மாலையிலேயே ஊறவைக்க வேண்டும். விடியலில் அடுப்பைப் பற்றவைப்பவருக்கு அதற்கான ஊதியமும் தர வேண்டும். அவர் யார், உணவுக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்பவற்றைத் தலைமையாசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் ஓடும் மாணவர்களும் கூடி ஒரு மாலைப்பொழுதில் முடிவு செய்துவிடலாம்.